குளியலறையை இடித்து மாற்ற அனுமதி வேண்டுமா? கொருக்குப்பேட்டை வீட்டை முன்வைத்து ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் 1980களின் இறுதியில் கட்டிய வீடு. தூண் கிடையாது, செங்கல் சுவரின்மேலேயே தளம் உட்கார்ந்திருக்கிறது. கீழ்த்தளத்தின் பின்பக்கம் 5க்கு 4 அடியில் குளியலறை, அதை ஒட்டி 3க்கு 4 அடியில் கக்கூஸ். நடுச்சுவரை எடுத்து இரண்டையும் ஒன்றாக்கி வெஸ்டர்ன் கம்மோடும் கீசரும் வைக்க வேண்டும். மாடிப் படுக்கையறையிலும் புதிதாக ஒரு அட்டாச்டு பாத்ரூம் வேண்டும். மேஸ்திரி “உள்வேலைக்கு யாரும் கேட்க மாட்டாங்க” என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் “கார்ப்பரேஷன்ல எழுதிப் போடுவேன்” என்கிறார். யார் சொல்வது சரி?

கீழ்த்தள வேலையைப் பொறுத்தவரை மேஸ்திரி பெரும்பாலும் சரி. மாடி வேலையில் அவர் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். சாக்கடை விஷயத்தில் இருவரும் வாய் திறக்கவில்லை, வடசென்னையில் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான்.

டைல்ஸ் மாற்றுவது, பூச்சைக் கொத்தி மறுபடி பூசுவது, குழாய், கம்மோடு, வாஷ்பேசின், கதவு மாற்றுவது, வாட்டர்புரூஃபிங் செய்வது, இவை எதற்கும் கட்டட அனுமதி கேட்டு அலைய வேண்டியதில்லை. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, கட்டடத்தின் வெளித்தோற்றத்தைக் குறிப்பிடும்படி மாற்றாத பராமரிப்பு, சீரமைப்பு வேலைகளை ‘மேம்பாடு’ என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 2019 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் அதே போக்கில்தான் போகின்றன. வீட்டின் வெளிக்கோடு நகர்ந்தாலும், பாரம் தாங்கும் சுவர், தளம், பீம் ஆகியவற்றில் கை வைத்தாலும், கூரை போட்ட பரப்பு கூடினாலும் அனுமதிக்குள் வந்துவிடுவீர்கள். பின்பக்கக் காலி இடத்தில் 3 அடி தள்ளி ஒரு சுவர் எழுப்பி, மேலே ஷீட் போட்டு “சும்மா பாத்ரூம்தானே” என்பது உள்வேலை ஆகாது. வடசென்னையில் புகார் கிளம்புவது பெரும்பாலும் இந்தப் பின்பக்க 3 அடியில்தான்.

எங்கே போக வேண்டும் என்பதில் குழப்பம் வேண்டாம். மாநகராட்சி மண்டலமும், குடிநீரையும் சாக்கடையையும் கவனிக்கும் மெட்ரோ வாட்டரின் பகுதி அலுவலகமும் ஒரே எண்ணில் இருக்கின்றன: திருவொற்றியூர் 1, மணலி 2, மாதவரம் 3, தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5, திரு.வி.க. நகர் 6. கொருக்குப்பேட்டை 4இல் வருகிறது. உங்கள் வீடு மாதிரிச் சிறு குடியிருப்புக்குத் திட்ட அனுமதி தரும் அதிகாரத்தைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) மாநகராட்சிக்கே ஒப்படைத்திருக்கிறது. ஆகவே எழும்பூரில் உள்ள அதன் அலுவலகத்துக்கு ஓட வேண்டாம். விண்ணப்பம் ஒற்றைச்சாளர இணையதளத்தில், பதிவுபெற்ற பொறியாளர் மூலமாகப் போக வேண்டும்.

நடுச்சுவரை எடுக்கலாமா?

நாலரை அங்குலச் சுவர் என்றால் பார்ட்டிஷன், தட்டிவிடலாம் என்பது கொத்தனார்கள் கணக்கு. தூண்-பீம் வைத்த வீட்டில் அது ஏறக்குறைய சரி. உங்கள் வீட்டில் தளம் அந்த நாலரை அங்குலச் சுவரின்மேலும் தாங்கி நிற்கலாம். 8 அடி நீளத்துக்கு ஒரே ஸ்லாப் போட்டு நடுவில் சுவர் கொடுத்திருந்தால், அந்தச் சுவருக்கு நேர்மேலே ஸ்லாப் மேற்பக்கம் இழுபடும், இருபக்க அறைகளின் நடுவில் அடிப்பக்கம் இழுபடும். கம்பியும் அதற்கேற்றபடிதான் கட்டியிருப்பார்கள். சுவரை எடுத்த கணமே நடுப்பகுதியின் அடிப்பக்கம் இழுபடத் தொடங்கும், அங்கே போதிய கம்பி இருக்காது. அன்றைக்கே விழாது. ஆறு மாதத்தில் நடுவில் மயிர்க்கோடு விழும், குளியலறை ஈரம் அதில் ஏறும், கம்பி துருப்பிடிக்கும், மூன்றாம் வருடம் அடிப்பூச்சு பெயர்ந்து தலையில் விழும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் உப்புக்காற்றும் சேர்வதால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

சோதிக்கும் முறை எளிது. சுவரின் உச்சியில், தளத்தைத் தொடும் இடத்தில், ஒரு அடி நீளத்துக்குப் பூச்சை மட்டும் கொத்திப் பாருங்கள். சுவருக்கும் தளத்துக்கும் நடுவே பிற்பாடு சொருகிய காரை, உடைகல் தெரிந்தால் தளம் போட்ட பிறகு எழுப்பிய சுவர், அதை எடுக்கலாம். செங்கல்லின்மேலேயே காங்கிரீட் இறங்கி ஒட்டியிருந்தால் தளம் அதன்மேல் வார்த்தது, தொடக் கூடாது. மாடியில் அதே கோட்டில் சுவர் போகிறதா, மேலே சின்டெக்ஸ் டேங்க் நிற்கிறதா, பரண் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். தாங்கும் சுவர்தான், ஆனாலும் எடுத்தே ஆக வேண்டும் என்றால் கீழே ஒரு பீம் கொடுக்க வேண்டும். அது கட்டமைப்பு மாற்றம். பொறியாளரின் வரைபடமும் அனுமதியும் இல்லாமல் செய்ய வேண்டாம். அந்தச் சுவரில் இரண்டரை அடி அகலத்துக்கு, மேலே லிண்டல் (சுவரைத் தாங்கும் குறுக்குக் கட்டை) வைத்த திறப்பு மட்டும் விட்டு, கம்மோடு ஒரு பக்கம், குளிக்கும் இடம் மறுபக்கம் என்று வைத்தால் இந்தத் தலைவலி பெருமளவு குறையும். ஈரப்பகுதியும் தனியாகிவிடும். என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஒன்றாக்கினால் அளவு போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். தேசியக் கட்டட நெறிமுறை 2016 கணக்கில் குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்த அறைக்குக் குறைந்தது 2.8 சதுர மீட்டர், அதாவது 30 சதுர அடி வேண்டும். அகலம் 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது. உங்களுடையது 8க்கு 4, 32 சதுர அடி. தேறிவிடும். ஆனால் 4 அடி அகலம் பூச்சுக்கும் டைல்ஸுக்கும் முன்பா பின்பா என்று டேப் வைத்துப் பாருங்கள். பழைய டைல்ஸின்மேலேயே புது டைல்ஸ் ஒட்டினால் இருபக்கமும் முக்கால் அங்குலமாவது போகும். காற்றோட்டத் திறப்பு 0.37 சதுர மீட்டர், ஏறக்குறைய 2 அடிக்கு 2 அடி. அது உங்கள் சொந்தத் திறந்தவெளியையோ காற்றுக்கூண்டையோ பார்த்திருக்க வேண்டும். எல்லைக்கோட்டில் நிற்கும் சுவரில், பக்கத்து வீட்டு முற்றத்தைப் பார்த்து வெண்டிலேட்டர் திறந்தால் அவர் புகாருக்கு நீங்களே காரணம் கொடுத்தது போலாகும். எக்ஸாஸ்ட் ஃபேனின் வாயும் அப்படித்தான்.

பொதுச்சுவர் இருந்தால் இன்னொரு கவனமும் வேண்டும். கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை வீடுகள் பல தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. கன்சீல்டு குழாய்க்கு அந்தச் சுவரில் காடி வெட்டும்போது, நெட்டுவாக்கில் சுவர் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, படுக்கைவாக்கில் ஆறில் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு. 9 அங்குலச் சுவரில் 3 அங்குலமும் ஒன்றரை அங்குலமும் ஆகும். கட்டிங் மெஷினால் இரு கோடு அறுத்துவிட்டு உளி வைக்க வேண்டும். நேரடியாகச் சுத்தியல் அடித்தால் அந்தப் பக்கத்துப் பூச்சு பெயரும். கூடுமானவரை குழாயைப் பொதுச்சுவரில் வைக்காமல் உங்கள் சொந்தச் சுவருக்கு மாற்றுங்கள். நாளை கசிந்தால் அவர் வீட்டுச் சுவர்தான் பூக்கும். அது மாநகராட்சி தீர்க்கும் வழக்கல்ல, சிவில் கோர்ட்டுக்குப் போகும்.

மாடி பாத்ரூம்

இருக்கிற படுக்கையறைக்குள்ளேயே ஒரு மூலையைத் தடுத்துக் கட்டினால் வெளிக்கோடு மாறாது, பரப்பும் கூடாது. அந்த அளவில் திட்ட அனுமதிப் பிரச்சினை பெரும்பாலும் வராது. பால்கனியை மூடியோ, பின்பக்கம் கேன்டிலீவர் (கீழே தாங்கலில்லாமல் வெளியே நீளும் தளம்) இழுத்தோ, மொட்டை மாடியில் தனியாக எழுப்பியோ கட்டினால் அனுமதி வேண்டும். அப்போது அங்கீகரித்த பழைய வரைபடம், பட்டா, எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் (நில அளவை வரைபடம்), கிரயப் பத்திரம், சொத்து வரி ரசீது எல்லாம் கேட்பார்கள். வரைபடத்தில் தரைத்தளம் மட்டும் இருந்து மாடி பின்னால் ஏறியதென்றால் விண்ணப்பிக்கும்போதே அது வெளிவரும். அதனால் முதலில் வரைபட நகலைக் கையில் எடுங்கள். காணாமல் போயிருந்தால் மண்டல அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப்போட்டுக் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் கெடு. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையைப் பலர் இதற்கும் சொல்கிறார்கள். 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் அதன்மேல் ஒரு தளமுமாகக் கட்டும் வீட்டுக்கு வந்த முறை அது. பழைய வீட்டின் மூலையில் சேர்க்கும் ஒட்டுக்கு அதைக் குறுக்குவழியாக நினைக்க வேண்டாம்.

அனுமதி தேவைப்படாத இடத்திலும் பொறியாளர் தேவைப்படுவார். ஏன் என்பதை எடைக்கணக்கே சொல்லும். குடியிருப்புத் தளத்தை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ புழக்கப் பாரம் தாங்கும்படி வடிவமைப்பார்கள். புது பாத்ரூமில் குழாயை மறைக்க ஒரு அடி உயரத்துக்கு உடைகல் போட்டு நிரப்பினால் அதுவே சதுர மீட்டருக்கு 500 கிலோ. ஆள், தண்ணீர், பக்கெட் எல்லாம் அதற்கு மேல். தடுப்புச் சுவரும் சும்மா இல்லை. 9 அடி உயர நாலரை அங்குலச் செங்கல் சுவர், இருபக்கப் பூச்சோடு, நீளத்தில் ஒவ்வோர் அடிக்கும் 200 கிலோவைத் தாண்டும். 5 அடியும் 7 அடியுமாக இரண்டு சுவர் என்றால் இரண்டரை டன், கீழே தாங்க ஒன்றுமில்லாத ஸ்லாப் நடுவில். கீழ்வீட்டுச் சுவருக்கு நேர்மேலே வரும்படி பாத்ரூமின் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். 4 அங்குல ஏ.ஏ.சி. பிளாக்கில் (காற்றறை கொண்ட எடை குறைந்த காங்கிரீட் கல்) கட்டினால் சுவரின் எடை பாதிக்கும் கீழே வந்துவிடும்.

ஒரு அடி நிரப்புவதையே தவிர்க்கலாம். பி-டிராப் கம்மோடின் வாய் தரையிலிருந்து சுமார் 180 மில்லிமீட்டர் உயரத்தில் சுவர் வழியாக நேராக வெளியே போய்விடும், தரைக்குள் எதுவும் இறங்காது. தரைக்குள் போவது குளிக்கும் தண்ணீரின் ஃப்ளோர் டிராப் மட்டும்தான். ஆழம் குறைந்த டிராப்பும் வெளிச்சுவரை ஒட்டிய இடமும் கிடைத்தால் 4, 5 அங்குல மேடையே போதும். படுக்கையறையிலிருந்து ஒரு படி ஏறிப் போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஸ்லாப்பைத் துளைத்துக் கீழே குழாயைத் தொங்கவிடும் யோசனையை, அதுவும் கீழே சமையலறை இருந்தால், விட்டுவிடுங்கள். கழிப்பறைக்கு நேர்கீழே வேறு அறை வருவதாக இருந்தால் நீர்புகாத் தரை கட்டாயம் என்கிறது நெறிமுறை.

வாட்டர்புரூஃபிங் முடிந்ததும், டைல்ஸுக்கு முன்னால், டிராப்பை அடைத்து 2 அங்குலம் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விடுங்கள். தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். கீழே கறை தெரியாவிட்டாலும் கோடு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மேஸ்திரி ஒரு நாள் போதும் என்பார். கூலி ஓடுகிறது என்ற அவசரம் அது, விட்டுக்கொடுக்காதீர்கள்.

சாக்கடை

வீட்டுக்குள், உங்கள் எல்லைக்குள், குழாயை இடம் மாற்றுவது உங்கள் செலவு, உங்கள் பொறுப்பு. மெட்ரோ வாட்டரிடம் அனுமதி கேட்க வேண்டியது புதிதாகத் தெருச்சாக்கடையில் இணைக்கும்போதும், இருக்கும் இணைப்பை வேறிடத்துக்கு நகர்த்தும்போதும், பெரிதாக்கும்போதும்தான். மாடியில் கூடுதலாக ஒரு கம்மோடு வருவதால் மட்டும் புது இணைப்பு தேவைப்படாது. மாடியைத் தனி வீடாகப் பிரித்து வாடகைக்கு விட்டால் குடியிருப்பு எண்ணிக்கை கூடும், கட்டணக் கணக்கும் மாறும்.

கம்மோடு கடைக்குப் போகும் முன் வீட்டு வாசலில் உள்ள கடைசிச் சேம்பரின் (கழிவுநீர்க் குழாயைப் பார்த்து அடைப்பெடுக்க விட்ட தொட்டி) மூடியைத் திறக்க வேண்டும். கக்கூஸில் ஒரு பக்கெட் தண்ணீரை வேகமாக ஊற்றிவிட்டு எத்தனை நொடியில், எவ்வளவு வேகத்தில் அங்கே வருகிறது என்று பாருங்கள். குளியலறைத் தண்ணீரையும் தனியாக ஊற்றிப் பாருங்கள். பல பழைய வீடுகளில் கக்கூஸ் தண்ணீர் சேம்பருக்கு வரும், குளிக்கும் தண்ணீர் எங்கேயோ மறையும். ‘எங்கேயோ’ என்பது தெருவோர மழைநீர் வடிகாலாக இருக்கும். அது மாநகராட்சியுடையது, அதில் கழிவுநீர் விடுவது குற்றம். சோதனையில் சிக்கினால் குழாய்வாயை அடைத்துவிட்டு அபராதமும் போடுவார்கள். புது பாத்ரூம் வேலையோடு இதைச் சரிசெய்துவிடுவதே மலிவு. மொட்டை மாடி மழைத்தண்ணீரைச் சாக்கடையில் விடுவதும் தவறுதான். அது மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்குப் போக வேண்டும்.

அடுத்தது மட்டம். 4 அங்குலக் குழாய்க்கு 40க்கு 1, 6 அங்குலத்துக்கு 60க்கு 1 வாட்டம் என்பது வழக்கமான கணக்கு. பின்பக்கக் கக்கூஸிலிருந்து வாசல் சேம்பர்வரை 50 அடி என்றால் 4 அங்குலக் குழாய் 15 அங்குலம் இறங்கியாக வேண்டும், 6 அங்குலம் என்றால் 10. வாசல் சேம்பரின் ஆழம் அதற்கு இடம் தராவிட்டால் மேஸ்திரி வாட்டத்தைச் சத்தமில்லாமல் குறைத்துவிடுவார். தண்ணீர் போகும், மலம் தங்கிவிடும், ஆறு மாதத்தில் அடைக்கும். திருப்பம் வரும் இடமெல்லாம் ஒரு சேம்பர் இருக்க வேண்டும், தொண்ணூறு பாகை எல்போ போட்டு மண்ணுக்குள் புதைக்கக் கூடாது.

இதைவிடக் கொடியது தெருவின் உயரம். மறுபடி மறுபடி தார் போட்டுத் தெரு ஏறிவிட்டது, வீடு அங்கேயே இருக்கிறது. நவம்பர் மழையில் தெருச்சாக்கடை நிரம்பினால் தண்ணீர் மேன்ஹோல் மூடிவரை ஏறும். உங்கள் குழாயும் அதோடு சேர்ந்ததுதான், ஆகவே வீட்டுக்குள்ளும் அதே மட்டம்வரை ஏறப் பார்க்கும். உங்கள் பாத்ரூம் தரை அந்த மூடியைவிடத் தாழ்வாக இருந்தால் முதலில் பொங்குவது ஃப்ளோர் டிராப், அடுத்தது கம்மோடு. ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய்) பிடித்துத் தெரு மேன்ஹோல் மூடிக்கும் உங்கள் தரைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள். முடிந்த தரை அந்த மூடியைவிட 6 அங்குலமாவது உயரத்தில் இருக்கும்படி திட்டமிடுங்கள். எப்படியும் தரையைக் கொத்தப் போகிறீர்கள், இந்த ஒரு முறைதான் வாய்ப்பு. உயர்த்தக் கூரை உயரம் இடம் தராவிட்டால் கடைசிச் சேம்பரில் எதிர்வரத்தைத் தடுக்கும் ஃப்ளாப் வால்வு போட வேண்டும். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. வெளியே நிரம்பி வால்வு மூடிக்கொண்டால் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது, அந்த மணிநேரங்களில் குளிக்கக் கூடாது. மாதம் ஒரு முறை மூடியைத் திறந்து தலைமுடியும் துணியும் சிக்கியிருக்கிறதா என்று பார்க்காவிட்டால் தேவைப்படும் நாளில் அது மூடாது.

புது இணைப்போ இடமாற்றமோ வேண்டுமானால் மெட்ரோ வாட்டர் இணையதளத்திலோ பகுதி அலுவலகத்திலோ விண்ணப்பிக்கலாம். 044-45674567க்கு அழைத்தும் தொடங்கலாம், ‘அழைத்தால் இணைப்பு’ என்ற திட்டம் இருக்கிறது. சொத்து வரி ரசீதும் உரிமை ஆவணமும் கையில் வேண்டும். தெருவில் பள்ளம் எடுப்பதை மேஸ்திரி ஆளை வைத்து இரவோடு இரவாகச் செய்யவே கூடாது. சாலை வெட்டுக்குத் தனி அனுமதியும் சீரமைப்புக் கட்டணமும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாநகராட்சி சாலை வெட்டை நிறுத்திவைப்பது ஆண்டுதோறும் நடப்பது. ஆகவே தெருவில் கை வைக்கும் வேலை இருந்தால் ஆடிக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். புரட்டாசியில் சுவரை இடித்துவிட்டு இணைப்புக்குக் காத்திருந்தால் தை வரை பக்கத்து வீட்டுக் கக்கூஸ்தான்.

அடைப்பெடுக்க ஆளை மேன்ஹோலிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டுவரை சிறை, அல்லது 2 லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்கு அமர்த்திய வீட்டுக்காரரும் அதில் மாட்டுவார். சட்டத்தை விடுங்கள், விஷவாயு ஒரு மூச்சில் ஆளைக் கொன்றுவிடும். சாக்கடை அடைப்புக்கு 1916, செப்டிக் டேங்க் லாரிக்கு 14420.

மணலி, மாதவரம் பக்கம் இன்னும் செப்டிக் டேங்கை நம்பியிருக்கும் தெருக்களில், டேங்க்கின் அளவு குடித்தனத்துக்குப் போதுமா என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 5 பேருக்கு நீளம் 1.5, அகலம் 0.75, நீரின் ஆழம் 1 மீட்டர், அதற்கு மேல் ஒரு அடி காலியிடம் என்பது இந்தியத் தரநிலைக் கணக்கு. அடியைப் பூசாமல் மண்ணாக விட்ட ‘டேங்க்’ இந்தப் பகுதியின் அதிக ஆழமில்லாத நிலத்தடி நீரில் கிணற்றைக் கெடுத்துவிடும்.

இடிபாடு எங்கே போகும்?

32 சதுர அடி அறையென்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். நடுச்சுவர் முக்கால் டன், சுவர் டைல்ஸும் பூச்சும் ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு, தரை அரை டன்னுக்கு மேல். மொத்தம் இரண்டு முதல் இரண்டரை டன். சிமெண்ட் சாக்கில் 30 கிலோ வீதம் கட்டினால் 70, 80 மூட்டை. குட்டி யானை வண்டிக்கு மூன்று நான்கு நடை. கூலி ஆள் ‘நான் பாத்துக்கறேன்’ என்று சொன்னால் அது கேப்டன் காட்டன் கால்வாய்க் கரையிலோ ரயில்வே சுவரோரமோ போய் விழும். நடுவழியில் பிடித்தால் வண்டிக்காரர் உங்கள் முகவரியைத்தான் சொல்வார். கொடுங்கையூரிலேயே கட்டட இடிபாடுகளைப் பதப்படுத்தும் நிலையம் இருக்கிறது. மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லி எடுக்கச் சொல்லலாம். வீட்டு இடிபாட்டில் ஒரு டன் வரை இலவசம், அதற்கு மேல் டன் கணக்கில் கட்டணம். பின்பக்கப் பழைய கக்கூஸுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் அதை உடைக்காமல், நனைத்து, முழுசாக இறக்குங்கள். அதன் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

மின்சாரம் சுருக்கமாக: மின்கட்டண ரசீதில் அனுமதித்த பளு எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசரும் ஏசியும் சேர்ந்தால் ஒருமுனை இணைப்பின் 4 கிலோவாட் எல்லையைத் தாண்டலாம். தாண்டினால் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், மும்முனை இணைப்பும் தேவைப்படும். 2 கிலோவாட் ஸ்டோரேஜ் கீசர் இரண்டு இருந்தாலும் ஒரே நேரத்தில் போடாமல் சமாளிக்கலாம். 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, தனி பிரேக்கர், 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி), ஒழுங்காக வேலை செய்யும் எர்த், இந்த நான்கில் ஒன்றும் குறையக் கூடாது. சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே. கேஸ் கீசரை எந்தக் காரணத்துக்கும் பாத்ரூமுக்குள் மாட்ட வேண்டாம், ஜன்னலை மூடிக் குளிக்கும்போது கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் கொல்லும்.

வேறு மாதிரி வீட்டில் இருப்பவர்களுக்கு

வாரியக் குடியிருப்பில் இருப்பவர்கள், அது வீட்டு வசதி வாரியமானாலும் முன்பு குடிசை மாற்று வாரியமாக இருந்த நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமானாலும், விற்பனைப் பத்திரம் கைக்கு வரும்வரை சுவரில் கை வைக்க வாரியத்தின் எழுத்துச் சம்மதம் வேண்டும். பத்திரம் வந்த பிறகும் நெட்டுவாக்கில் இறங்கும் குழாய் எல்லா வீட்டுக்கும் பொது. வியாசர்பாடி மகாகவி பாரதி நகர் போன்ற பழைய அடுக்குகளில் தரைத்தளத்துக்காரர் தன் சேம்பரை மூடி மேலே டைல்ஸ் போட்டுவிடுவதும், மேலே உள்ளவர்கள் அடைப்பெடுக்க இடமில்லாமல் தவிப்பதும் தெரிந்த கதை. தனியார் அடுக்கு வீட்டில் சங்கத்தின் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள். கம்மோடின் இடத்தைக் கீழ்வீட்டுப் படுக்கையறைக்கு மேலே நகர்த்தக் கூடாது.

ஜார்ஜ் டவுன், ராயபுரத்தின் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் மாடியில் பாத்ரூம் கட்டும் யோசனையே ஆபத்து. மர விட்டத்தின்மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிணைத்த தளம் அது. சுவருக்குள் புதைந்திருக்கும் விட்ட முனையில் ஈரம் இறங்கினால் வெளியே ஒன்றும் தெரியாமல் உளுத்துப்போகும். பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடமென்றால் முகப்பில் குழாய் ஓட்டும் முன் சி.எம்.டி.ஏ.வைக் கேட்க வேண்டும். கடலோரம், உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் வீட்டில் உள்வேலைக்குத் தடையில்லை, வெளியே புதிதாக ஒரு அறை எழுப்பினால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் சேர்ந்துகொள்ளும். வாடகைக்கு இருப்பவர்கள் குழாய் வாஷர் மாற்றலாம், சுவர் இடிக்க உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் கட்டாயம்.

பக்கத்து வீட்டுக்காரர் எழுதிப் போட்டால்

வார்டு உதவிப் பொறியாளர் வந்து பார்ப்பார். விதிமீறல் என்று பட்டால் 1971 சட்டத்தின் 57ஆம் பிரிவில் வேலையை நிறுத்தச் சொல்லியும், 56ஆம் பிரிவில் அகற்றச் சொல்லியும் நோட்டீஸ் வரலாம். அதற்குத் தயாராக ஒரு ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள்: வேலை தொடங்கும் முன் நான்கு பக்கமும் தேதியோடு எடுத்த படங்கள், பழைய வரைபட நகல், நடுச்சுவர் பாரம் தாங்கும் சுவரல்ல என்று பதிவுபெற்ற பொறியாளர் கையெழுத்திட்டுக் கொடுத்த ஒரு பக்கக் கடிதம், மெட்ரோ வாட்டர் ரசீது, இடிபாடு எடுத்த ரசீது. வேலை தொடங்கும் முன்பே உதவிப் பொறியாளருக்கு ‘உள் பராமரிப்பு வேலை, பரப்பில் மாற்றமில்லை’ என்று ஒரு கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிவிட்டால் அந்த ஃபைலுக்கு இன்னும் கனம் கூடும். பரப்பு உண்மையிலேயே கூடியிருந்தால் சொத்து வரியையும் திருத்திக்கொள்ளுங்கள், பின்னால் விற்கும்போது வரும் தொல்லை குறையும்.

மணலையும் ஜல்லியையும் தெருவில் கொட்டாதீர்கள். பல புகார்களின் உண்மையான காரணம் பாத்ரூம் அல்ல, வாசலை அடைத்த மணல்தான். மூட்டையில் கிடைக்கும் எம்-சாண்டை அன்றாடம் தேவைக்கு இறக்கினால் இந்த அளவு வேலைக்குப் போதும். கட்டிங் மெஷினைக் காலை 9 மணிக்கு மேல் போடச் சொல்லுங்கள். பொதுச்சுவரில் உளி வைக்கும் நாளை அவருக்கு முதல்நாளே சொல்லி, அவர் பக்கத்துச் சுவரையும் அவர் முன்னிலையிலேயே படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.